லென்ஸுக்குப் பிடித்த முறம்

போன வெள்ளிக்கிழமை ஏரியூரிலிருந்து ஒரு போட்டோகிராபர் வந்து, என்னிடம் வாங்கிய லென்ஸைக் கடை மேசைமேல் திருப்பி வைத்தார். "லென்ஸ் போயிருச்சுங்கண்ணா. எல்லாப் படத்துலயும் அடியில கருப்பா பாதி நிலா வருது" என்றார். கேமராவின் சின்னத் திரையில் ஒரு பிறந்தநாள் படத்தைக் காட்டினார். குழந்தை கத்தியை ஓங்கிக்கொண்டு நிற்கிறது. கேக் இருக்க வேண்டிய இடத்தில் கரும் பிறை.

பாய், நான் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. லென்ஸின் முனையில் மாட்டியிருந்த ஹூட்டைக் கழற்றிவிட்டு, கேமராவிலேயே எழும்பும் சின்ன பிளாஷைத் தூக்கி, எதிர்ச் சுவரை ஒரு படம் எடுத்துக் காட்டினேன். பிறை இல்லை. "லென்ஸ் நல்லாத்தான் இருக்குது. பிளாஷ் வெளிச்சத்த இந்த வளையம் மறைக்குது. அதோட நெழல்தான் உங்க நிலா" என்றேன். விற்ற சரக்கைத் திரும்ப எடுக்காமல் தப்பித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் போன பிறகு இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஹூட் என்பது என் கடையில் நல்ல லாபம் தரும் பிளாஸ்டிக். ஒளிப்பானேன், லென்ஸில் நிற்காத லாபம் அதில் நிற்கும். அதை விற்கிற நானே, "எல்லா எடத்துக்கும் இது வேண்டாம் பாய்" என்று சொல்லிப் பார்த்தேன். அதை வாங்கிக் கல்யாணப் படம் எடுக்கப் போன நீங்கள்தான் கேட்கவில்லை. மாட்டிய நாளிலிருந்து கழற்றவே இல்லை.

"மொதலாளி, இது இல்லாம மண்டபத்துக்குள்ள போனா, சொந்தக்காரப் பையன் எவனோ படம் புடிக்கிறான்னு ஓரங்கட்டிருவாங்க. இத மாட்டிக்கிட்டுப் போய்ப் பாருங்க, பொண்ணோட அப்பாவே வழி வுடுவாரு" என்பீர்கள்.

அதோடு நிற்க மாட்டீர்கள். வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண் பிள்ளைகள் லென்ஸைக் குறி பார்த்தே தெளிக்கிறார்கள், அட்சதை வந்து கண்ணாடியில் அடிக்கிறது, தாலி கட்டும் நேரத்தில் நாலு பக்கமும் முழங்கை இடிக்கிறது, அத்தனையையும் ஹூட்தான் தாங்குகிறது என்பது உங்கள் கட்சி. அதில் நியாயம் உண்டு என்று அப்போதே ஒப்புக்கொண்டேன். என் கட்சி சின்னது. வெயிலோ விளக்கோ எதிரிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கண்ணாடியில் விழுந்தால் ஹூட் கட்டாயம் வேண்டும். அந்தச் சின்ன பிளாஷைத் தூக்கும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும்.

"வூட்டுக்குள்ள வந்தா தொப்பியக் கழட்டணுமா? நான் கழட்டறேனா?" என்று உங்கள் தலையைத் தொட்டுக் காட்டினீர்கள்.

நம் வழக்கு ஒரு நாள் காரிமங்கலம் பக்கத்துக் கல்யாணத்தில் வந்து நின்றது. மேடையில் பெண் மாப்பிள்ளையோடு தாய்மாமன் குடும்பம் நிற்கிற நேரம் பார்த்து உங்கள் பெரிய பிளாஷில் பேட்டரி தீர்ந்துபோனது. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்த, நீங்கள் சின்ன பிளாஷைத் தூக்கிவிட்டு எடுத்துத் தள்ளினீர்கள். லென்ஸின் தொப்பியை மட்டும் கழற்றவில்லை.

ஆல்பம் போடும் முன் மாதிரிப் படங்களைப் பார்க்க அந்த மாமன் என் கடைக்கே வந்தார். புளியந்தோப்பு, தக்காளித் தோட்டம் என்று பெரிய கையான ஆள். ஒரே படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் இருக்கறேன். என் சம்சாரம் இருக்குது. நான் வச்ச சீரு எங்கப்பா?"

மேடைத் தரையில் வரிசையாக வைத்த தட்டுகள் முழுவதையும் பிறை விழுங்கியிருந்தது. நீங்கள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தீர்கள்.

"உள்ள இருக்குதுங்க. இருட்டுல இருக்குது."

"உள்ள இருக்குதா? எங்க, தொறந்து காட்டு!"

நான் சிரிப்பை அடக்க பிரிண்ட் மிஷின் பக்கம் போய்விட்டேன். ஆனால் அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு போய்விட்டது. "மாமன் வெறுங்கைய வீசிக்கிட்டு வந்தான்னு பேசறதுக்கு எம் பங்காளிங்க காரணம் தேடிக்கிட்டு இருக்கானுங்க. நீ படமே புடிச்சுக் குடுத்துட்ட. வர்ற தையில எங்க பக்கத்துக் கல்யாணம் ஒண்ணுல நீ கேமராவத் தூக்கிடு, பாக்கறேன்."

உங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அந்தப் பக்கத்து ஊர்களால்தான். அது எனக்குத் தெரியும். எதற்கும் பதில் வைத்திருக்கும் நீங்கள் அன்று தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"பொண்ணு மாப்பிள்ள உங்க வூட்டுக்கு விருந்துக்கு வருவாங்கள்லங்க?" என்று நான்தான் குறுக்கே விழுந்தேன். "அதே தட்டு, அதே பட்டுச்சேலை, வாசல்ல வரிசையா வச்சு எடுத்துருவோம். ஆல்பத்துல மொதப் பக்கமே அதுதான்."

மாமன் யோசித்தார். "தேங்கா, பழம், பூவெல்லாம் புதுசா வாங்கணுமே. அத யாரு வாங்கறது?"

"பாய் வாங்குவாருங்க."

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர் படியிறங்கியதும் ஹூட்டைத் திருகிக் கழற்றி என் மேசையில் போட்டீர்கள். "இந்தாங்க மொதலாளி, உங்க புனலு. இனி செத்தாலும் மாட்ட மாட்டேன்."

விருந்துக்கு நானும் உங்களோடு வந்தேன். உங்கள் மேல் உள்ள பாசத்தில் என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆல்பம் நின்றால் என் வேலையும் நிற்கும்.

காலையிலேயே எடுத்துவிடலாம் என்று போனோம். கோழி அடித்து, பந்தி முடிந்து, மாப்பிள்ளை வெற்றிலை போட்டு எழுந்திருக்கும்போது வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது. வாசலில் தட்டுகளைப் பரப்பிவிட்டு மாமன் எல்லோரையும் கிழக்கே பார்த்து நிறுத்தினார். வெயில் அவர்கள் தலைக்கு மேலாக வந்து நேராக உங்கள் லென்ஸில் இறங்கியது.

"இப்படி மேக்கே பாத்துத் திரும்பி நில்லுங்களேன்" என்றீர்கள்.

"சீர வச்சுக்கிட்டு மேக்கே பாக்கறதா?"

"அப்ப வடக்கே?"

"தெக்கால மாட்டுக் கொட்டாய் இருக்குது. சீருக்குப் பின்னால சாணி தெரியணுமா?"

வேறு வழியில்லாமல் எடுத்தீர்கள். மாமன் ஓடி வந்து திரையைப் பார்த்தார். தட்டுகள் தெரிந்தன. அதற்கு மேலே கஞ்சித் தண்ணீரில் முக்கியெடுத்தது போல எல்லாம் வெளுத்து, மாமனின் முகத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு உட்கார்ந்திருந்தது.

"சீரு வந்துருச்சு. இப்ப மாமன் எங்கப்பா?"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். புனல் தர்மபுரியில் என் கடை மேசைமேல் கிடந்தது. நம் இருவருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். சுவரோரம் கேழ்வரகு புடைத்த முறம் சாய்த்து வைத்திருந்தது. அதை எடுத்து உங்கள் பக்கத்தில் நின்று, லென்ஸின் கண்ணாடிமேல் நிழல் விழும்படி பிடித்தேன்.

"இன்னும் மேல மொதலாளி. ஐய, முறம் படத்துல வருது! கொஞ்சம் ஏத்துங்க. கை ஆடக்கூடாது."

இரண்டு ஆள் வைத்துக் கடை நடத்துகிறவன், கேழ்வரகுத் தவிடு சட்டையெல்லாம் கொட்ட நின்றேன். "ஏன்டி, இவரு எதுக்கு மொறத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு?" என்று ஒரு பெண் கேட்க, இன்னொருத்தி, "கேமராவுக்குக் கண்ணு கூசுதாம், நீ சோளக்காட்டுல நெத்தியில கைய வச்சுப் பாக்கறதில்ல?" என்றாள். ஹூட் எதற்கு என்று நான் உங்களுக்குப் பல வருடம் சொன்ன பாடம் அவ்வளவுதான். அவள் ஒரு மூச்சில் முடித்துவிட்டாள்.

மாமன் முறத்து நிழலில் எடுத்த படத்தைப் பார்த்தார். பட்டுச்சேலையின் ஜரிகை தெரிந்தது. வாழைத்தார் தெரிந்தது. அவர் மீசையும் தெரிந்தது. "இத வூட்டுக் கதவு அளவுக்குப் பெருசா போட்டுக் குடு. பங்காளிங்க வந்தா மொதல்ல இதுதான் கண்ணுல படணும்" என்றார். அந்தத் தையில் அந்தப் பக்கத்துக் கல்யாணம் எதையும் அவர் உங்களைத் தாண்டிப் போக விடவில்லை. ஒரே நிபந்தனை: வாசலில் எடுக்கும் படத்துக்கு முறம் பிடிக்க நானும் வர வேண்டும். அவருக்கு அது ராசியாம். நீங்கள் மறுநாளே ஹூட்டைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகும் அந்த ராசி மாறவில்லை. ஒவ்வொரு வருடமும் "வாங்க அசிஸ்டெண்ட்" என்று நீங்கள் கூப்பிட, நான் போய் நின்றேன்.

இப்போதெல்லாம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அப்புறம்தான் பார்க்கிறேன். வெயில் எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்றுதான் கண் முதலில் போகிறது. அது உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. போக மாட்டேன் என்கிறது.

நேற்று மாமன் தன் கடைசிப் பெண்ணின் பத்திரிகையோடு கடைக்கு வந்தார். "பாய் இல்லீங்களே" என்றேன். "தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். ஆள நீங்க பாத்துக் கூட்டிட்டு வாங்க, மொறமும் புடிக்கணும்ல" என்றார். புதிய ஆளிடம் ஹூட் இருக்கும், முறம் எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். "அவன் பொருளு அவங்கிட்ட இருக்கட்டும். பாய் இருந்திருந்தா உங்கள வுட்டுட்டா வருவாரு?" என்றார். பத்திரிகையை வாங்கிக்கொண்டேன். ஆனாலும் வியாபாரி அல்லவா, நிபந்தனை பேசாமல் விடவில்லை. பேசி முடித்தது இதுதான்: வெளியில் ஹூட் மாட்டி எடுப்பது, மேடையில் சின்ன பிளாஷைத் தூக்கினால் கழற்றிவிடுவது, பன்னீர்ச் செம்பு கண்ணில் பட்டால் உங்கள் கட்சிப்படி மறுபடி மாட்டிக்கொள்வது. முறம் அவர் வீட்டுடையது, பிடிக்கிற கை என்னுடையது. கூலி கிடையாது, சாப்பாடு முதல் பந்தியில்.