நட்சத்திரம் சாகாத பிற்பகல்

அன்புக் குருவிக்கு,

போனுக்கு வர மாட்டேன் என்றவளைக் கடிதத்தில் வந்து தொல்லை செய்கிறேன், மன்னித்துக்கொள். நான் இங்கே நலம் என்று எழுதினால் பாதிதான் உண்மை, உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும், பெரியம்மாவின் முட்டிவலியும், பெரியப்பாவின் குறட்டையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் செருப்பு மறுபடி சின்னதாகிவிட்டதாமே. பதினோரு வயதில் கால் நிற்காமல் வளரும், ஒரு அளவு பெரியதாகவே வாங்கச் சொல்.

என் அறை ஜன்னலிலிருந்து வண்டி நிறுத்துமிடம் தெரியும். எதிர்வீட்டுக்காரர் தினமும் ஒரே மூலையில் வண்டியை நிறுத்துவார், அவர் வராத நாளில் எனக்குக் கவலையாக இருக்கிறது, இத்தனைக்கும் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடி உட்காருவார்கள், நான் தட்டோடு ஓரத்து மேசைக்குப் போய்விடுவேன். நம் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான், இன்னமும் யாராவது பெரியவர் வந்தால் எழுந்து நின்றுவிடுகிறேன். எங்கள் குழுத் தலைவி, "உக்காரும்மா, இங்க பரீட்சை ஒண்ணும் நடக்கல" என்று சிரிப்பார்.

உன் பிறந்தநாளன்று நடந்ததைப் பெரியம்மாவிடம் அரைகுறையாகத்தான் சொன்னேன். நான் வேலை செய்யும் இடம் மலைக்கு அடியில், சுரங்கத்துக்குள் இருக்கிறது. ஒரு பெரிய தொட்டி நிறையத் தண்ணீர், சுவரெங்கும் கண்ணாடிக் குமிழ்கள். பெரிய நட்சத்திரம் ஒன்று சாகும்போது அதன் நடுப்பகுதி இடிந்து, ஒரு ஊர் அளவுக்குச் சுருங்கி, நியூட்ரான் விண்மீன் ஆகிவிடும். அந்தச் சில விநாடிகளில் நியூட்ரினோ என்னும் துகள்கள் கணக்கில்லாமல் கொட்டும். வெடிப்பு நட்சத்திரத்தின் மேல்பரப்பை எட்டி வெளிச்சமாக வர மணிக்கணக்காகும், இவை எதிலும் நிற்காமல் முந்திக்கொண்டு வந்துவிடும். அவற்றில் மிகச் சில எங்கள் தண்ணீரில் மோதி மின்னினால் குமிழ்கள் பார்த்துவிடும். உடனே சரிபார்த்துத் தொலைநோக்கிக்காரர்களுக்குச் சொல்வது ஷிப்டில் இருப்பவர் பொறுப்பு.

அன்று பிற்பகல் ஷிப்டு என்னுடையது. யாரிடமாவது மாற்றிக்கொள்ளக் கேட்டிருக்கலாம், கூச்சத்தில் வாய் வரவில்லை. உனக்குச் சொன்னபடி நாலு மணிக்கு ஐந்து நிமிடம் வெளியே வந்து உன்னோடு பேசிவிடலாம் என்று போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போனேன். நாலடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது திரை நிறையப் புள்ளிகள். நிஜமாகவே ஒரு நட்சத்திரம் செத்துவிட்டது என்று நம்பினேன். தலைவியை அழைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், ஆறு மணி வரை எழவில்லை. கடைசியில் அவர் தோளைத் தட்டி, "நல்லா பண்ணினேம்மா, அது நாங்க உள்ள விட்ட பொய் நட்சத்திரம்" என்றார். நாங்கள் விழிப்பாக இருக்கிறோமா என்று பார்க்க, இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்படி இப்படிச் செய்வது இங்கே வழக்கம். எல்லாரும் கைதட்டினார்கள். லாக்கரைத் திறந்தால் உன் அழைப்பு ஒன்பது.

"அம்மா நட்சத்திரத்துக்கிட்டயே பேசிக்கட்டும், நான் வரல" என்று சொன்னாயாம். பெரியம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள், நானும் சிரித்தேன், போனை வைத்த பிறகு வெகுநேரம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். உன் கோபம் நியாயம்தான். அன்று எந்த நட்சத்திரமும் சாகவில்லை, நீ காத்திருந்தது மட்டும்தான் நிஜம்.

நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்கிறவளாக வளர வேண்டும் நீ. வியாழக்கிழமை பல் டாக்டரிடம் போக மறந்துவிடாதே.

இங்கே இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள். உன்னை அழைத்துவர அனுமதியும் கிடைத்துவிட்டது, நடந்துபோகும் தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. பெரியம்மாவைக் கேட்டேன், "என்னை ஏன்டி கேக்கற, அவளைக் கேளு" என்றாள். கேட்கிறேன். என்னோடு வந்து இருக்கிறாயா? வேண்டாம் என்றால் இந்த வேலையை விட்டு நான் அங்கே வருகிறேன். எதுவானாலும் பெரியம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, நீயே என்னிடம் சொல்.

உன்
அம்மா