வளைவில் நின்றவள்

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா போனில் சொன்னாள். உன்னிடம் கொடுக்கச் சொன்னால், "அவ தூங்குறாடி" என்கிறாள். எப்போது கேட்டாலும் தூக்கம்தானா? அதனால்தான் எழுதுகிறேன்.

ஒலிம்பிக் தங்கத்தைக் கழுத்தில் போட்டபோது கண் உன்னைத்தான் தேடியது. பந்தயம் முழுக்க எனக்கு முன்னால் சைக்கிளை மிதித்து எதிர்காற்றை வாங்கிக்கொண்டது நீதானே. மலை இறக்கத்தில் நீ விழுந்ததை நான் கவனிக்கவே இல்லைக்கா. எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் சொன்னார்கள். டிவியிலும் அதைத்தான் சொன்னேன். பார்த்தாயா?

உன் செல்லத் தங்கை,
வாலு

ஆகஸ்ட் 21

வாலுவுக்கு,

நான் தூங்கவில்லை. பேசப் பிடிக்கவில்லை. டிவியில் பார்த்தேன்.

அந்த வளைவில் கேமரா வண்டி இல்லை. நாம் இருவர்தான். நீ பிரேக் பிடித்தாய், ஒரு காலைத் தரையில் ஊன்றினாய். "அக்கா, எந்திரிக்க முடியுதா?" என்று கத்தினாய். "நிக்காதடி, போ! போய் ஜெயிச்சுட்டு வா!" என்றேன். அழுதுகொண்டே போனாய். போனது சரி. நான் விழுந்ததைப் பார்க்கவே இல்லை என்று ஏன் சொல்கிறாய்? நடந்ததை நடந்தபடி ஒரு தடவை சொல், போதும்.

கால் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

அக்டோபர் 2

என் அக்காவுக்கு,

கோபப்படாதே. கோச்தான், "அக்காவை ரோட்டுல போட்டுட்டுப் போனாள்னு எழுதுவாங்க, வாயைத் திறக்காதே" என்றார். விளம்பரக் கம்பெனிக்காரர்களும் அதையே சொன்னார்கள். நமக்குள் தெரிந்தால் போதாதா? நீ வளைவைத் தப்பாகக் கணித்தாய் என்று கோச் பேட்டியில் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

என் பெயரில் விளையாட்டரங்கம் திறக்கிறார்கள். நீ மேடைக்கு வர வேண்டும். கார் அனுப்புகிறேன். நம் இருவரையும் சேர்த்துப் பார்க்க எல்லோருக்கும் ஆசை.

வாலு

அக்டோபர் 15

தங்கைக்கு,

வரவில்லை. காரை அனுப்பாதே.

என்னை டீமில் எடுத்ததே உனக்கு முன்னால் மிதிக்கத்தான். எப்போது வேகம் கூட்டுவது, எப்போது ஒதுங்குவது, எல்லாம் கோச் சொன்னபடி. அன்றைக்கு நானாக எடுத்த முடிவு ஒன்றே ஒன்று, உன்னைப் போகச் சொன்னது. அதையும் நடக்கவே இல்லை என்றாக்கிவிட்டாய். இப்போது ஊருக்கு நான் வளைவு தெரியாமல் விழுந்தவள். நீ கட்டிப்பிடித்தால் மேடையில் கைதட்டுவார்கள். எனக்கு உடம்பு கூசும்.

டாக்டர் இனி சைக்கிள் வேண்டாம் என்றுவிட்டார். அதற்குக்கூட இவ்வளவு அழவில்லை.

அம்மாவைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வா, அது உன் வீடும்தான். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வா. நான் வெளியே போய்விடுகிறேன்.

அம்மாவின் மூத்த மகள்