அண்ணனின் இருபத்தாறு ஓட்டங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாரிடமும் காட்டிவிடாதே, உன் காலில் விழுகிறேன். போனை அப்பா பிடுங்கி வைத்திருப்பதால் எழுதுகிறேன். உன் முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வருஷம் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ராய்ஸ் அண்ணன் பின்னால் நின்று பந்தைத் தூரமாக எறிவான். இந்த வருஷம் அவனைக் காக்கும் முன்வரிசையில் இரண்டு பேருக்கு முழங்கால் போனதும், பயிற்சியாளர் என்ற முறையில் அப்பா ஆட்டத்தையே மாற்றிவிட்டார். பந்தோடு அண்ணனே கூட்டத்துக்குள் முட்டி ஓட வேண்டும். முதல் ஆட்டத்தில் ஆறு தடவை ஓடினான், நேற்று இருபத்தாறு தடவை. தொடர்ந்து நான்கு வெற்றி. கல்லூரியே அப்பாவைக் கொண்டாடுகிறது.

கடைசி ஓட்டத்தில் இரண்டு பேர் இருபுறமும் அவன் தலையில் மோதினார்கள். தலைக்கவசம் தெறித்தது. வாயெல்லாம் ரத்தம். "எந்திரிடா! இன்னும் ஒரே முட்டு, அவனுங்க உடைஞ்சிருவானுங்க!" என்று அப்பா கத்தினார். அண்ணன் எழுந்து எதிரணி வரிசையில் போய் நின்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அணி மருத்துவர் வைத்த நினைவுச் சோதனையில் தேறிவிட்டான். ஆட்டக்காரர்கள் எல்லோரையும் போல அவனும் ஆட்டங்கள் தொடங்கும் முன்பே ஆகஸ்டில் முதல் சோதனையை வேண்டுமென்றே தப்பாக எழுதியிருந்தான். அடிபட்ட பின் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியாதாம். "வாயத் தொறந்தே, பல்லு இருக்காது, குட்டிப் பிசாசே" என்று அண்ணன் என்னை மிரட்டிவிட்டு வாந்தி எடுத்தான்.

என் நீல ஸ்வெட்டரை அனுப்பு, கேன்சஸ் குளிர் தாங்கவில்லை. சனிக்கிழமை அடுத்த ஆட்டம், அதற்குள் மருத்துவருக்கு நீயே போன் செய்து, ஆகஸ்ட் சோதனை பொய் என்று சொல்லிவிடு. அப்பா இந்த முறை முப்பது தடவை

கதவைத் தட்டும் சத்தம். அண்ணன்தான். தன் அறை எது என்று கேட்கிறான்