துணிக்கு மேலே என் கண்கள்

என் ருக்குமணி அக்கா,

அங்கேயாவது இருமாமல் தூங்குகிறாயா?

நம் ஊர் ரவுண்டானாவில் மில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மரியாதையாகச் சிலை வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை திறப்பு. மில்லுக்கு வந்த சிற்பி எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு, இந்த முகம்தான் வேண்டும் என்று என்னைப் போட்டோ எடுத்தார். நானும் இளித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் சொன்னதும் என் மாமியார் அரிசி களைவதை அப்படியே நிறுத்திவிட்டார்.

"உசுரோட இருக்கறவளுக்குச் செலையா? அதுக்கு மாலை போடுவாங்களே சாமி!"

அன்றிலிருந்து எனக்கு அதே பயம். செத்தவர் படத்துக்குத்தானே மாலை போடுவோம்? உன் படத்துக்கு நானே போட்டேனே அக்கா.

வெறும் சாங்கியம் என்று விட்டிருப்பேன். ஆனால் எனக்கும் இருமல் வந்துவிட்டது. லீவு முடிந்து வேலைக்கு ஏறினால் நெஞ்சை இறுக்குமே, உன்னைக் கொண்டுபோன அதே இருமல். பஞ்சுத் தூசிதான் என்று சிரித்துச் சமாளிக்கிறேன். நீயும் அப்படித்தான் சொன்னாய். ஆஸ்பத்திரிக்குப் போனால் உன் நோயின் பெயரையே எனக்கும் சொல்லிவிடுவார்களோ?

பயம் தாங்காமல், களிமண்ணில் முகம் பிடித்துக்கொண்டிருந்த சிற்பியிடம் போய் நின்றேன். "ஏனுங்க, மூக்கையும் வாயையும் துணி கட்டி மூடிடுங்க. நாங்க அப்படித்தானுங்க வேலை செய்வோம்" என்றேன். மனுஷன் பூரித்துப் போனார். என் முகம் மறைந்தது, மாலை வேறு யாருக்கோ போய்விடும் என்று எனக்கும் மூச்சு வந்தது.

நேற்று ஷிப்ட் முடிந்து எல்லோரும் பார்க்கப் போனோம். துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. நம் சாந்தி வாய்விட்டுக் கத்திவிட்டாள்.

"அய்யோ, நம்ம ருக்குமணியக்காளாட்டவே இருக்குது!"

எல்லோரும் அழுதார்கள். அவை என் கண்கள் அக்கா. அவற்றில் எப்படி உன்னைப் பார்த்தார்கள்?

நாளைக்கு என்னை முன்வரிசையில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் போகமாட்டேன். மாலை உனக்கே விழட்டும், உனக்கு அது தகும். அந்த நேரத்தில் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுக்க நின்றுகொண்டிருப்பேன். பயமாக இருந்தாலும் போவேன், இது உன்மேல் சத்தியம். என் மகள் இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை.

எங்கே கிளம்பினாலும் உன்னிடம் 'வாரேன்க்கா' என்று சொல்லித்தானே பழக்கம்? இன்றைக்குச் சொல்லமாட்டேன். நீயும் என்னைக் கூப்பிடாதே அக்கா.

உன் பக்கத்து மெஷினில் நின்ற தங்கச்சி,
மல்லிகா