ஓலை வாசிப்பதற்கு முன்

சேசு மரி சூசை துணை

காரைக்கால்,
12-10-1984

அன்பு மகன் லூர்துநாதனுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பாரீசில் குளிர் வந்திருக்கும், கம்பளி வாங்கினாயா என்று போன கடிதத்திலேயே கேட்டேன், கேட்டதற்குப் பதில் எழுதும் வழக்கம் உனக்கு என்றைக்கு இருந்தது. இப்போது உன் தங்கை செசிலியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவள் முழங்கையிலும் குதிகாலிலும் மஞ்சளாகக் கட்டி கட்டியாக வந்ததைச் சூடு என்று விளக்கெண்ணெய் தடவினோம் அல்லவா, போன மாதம் பள்ளிக்கூட மாடி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனோம். ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமாம். இறாலும் முட்டையும் அள்ளிக் கொடுத்ததாலா என்று அழுதேன், அதனால் இல்லை என்று டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். ரத்தத்தில் வரும் கொழுப்பைப் பிடிக்க நம் உடம்பின் செல்களுக்கு மேலே கொக்கி மாதிரி ஒன்று உண்டாம். பிடித்ததும் செல்லின் மேல்தோல் அந்த இடத்தில் குழிந்து சின்னப் பையாகி உள்ளே போகுமாம், உள்ளே இரண்டும் பிரிந்து, கொழுப்பு கரைந்துபோக, கொக்கி திரும்ப மேலே வந்துவிடுமாம். செசிலிக்கு அந்தக் கொக்கியே இல்லை. கொழுப்பு உள்ளே போக வழியில்லாமல் தோலிலும் இருதயக் குழாயிலும் படிகிறது. மருந்து பெரிதாகக் கேட்காதாம். எத்தனை வருஷம் தாங்குவாள் என்று அப்பா கேட்டார், டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பிறகு, நீங்கள் இருவரும் சொந்தமா என்று கேட்டார். அத்தை மகன் என்றேன். எங்கள் இருவருக்கும் அந்தக் கொக்கியில் பாதிக் குறையாம், அதனால் தெரியாமலே காலம் ஓடிவிட்டது, இரண்டும் சேர்ந்து பிள்ளைமேல் முழுசாக விழுந்துவிட்டது. உனக்கும் என் தம்பி மகள் ஜெயமேரிக்கும் மே மாதம் என்று பேசியிருக்கிறதே, அங்கேயும் இப்படி ஆகிவிட்டால்? சொந்தத்தில் கட்ட பிஷப்பிடம் அனுமதி வாங்கியதும் கோவிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவித்துவிடலாம் என்று தம்பி இஞ்ஞாசி மனுவோடு வந்து உட்கார்ந்தான். நிறுத்து என்றேன். "எம் பொண்ண வேணாங்கிறதுக்கு இப்படி ஒரு சாக்கா அக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவன் இன்னும் வாசல் மிதிக்கவில்லை. ஜெயமேரிதான் தானாக என்னோடு பாண்டிச்சேரிக்கு வந்து சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். அவளுக்கும் பாதிக் குறை இருக்கிறது. உனக்கு இல்லையென்றால் பிள்ளைக்கு முழுசாக வராது, இருந்தால் வரலாம் என்று டாக்டரம்மா சொன்னார். பஸ்ஸை விட்டுக் காரைக்காலில் இறங்கியதும் சொன்னாள். "மச்சான அங்க ரத்தம் பாக்கச் சொல்லுங்க அத்த. அவங்களுக்கு இல்லேன்னா ஓலை வாசிக்கலாம். இருந்துச்சுன்னா என்மேல பாவப்பட்டு யாரும் வர வேணாம், ஒரு வரி எழுதுனா போதும்."

அவள்மேல் உனக்குள்ள ஆசை எனக்குத் தெரியாதா. ஆனால் செசிலி மூச்சு வாங்க நின்று நின்று நடப்பதை நீ பார்க்கவில்லை, நான் தினமும் பார்க்கிறேன். பிஷப் அனுமதி கொடுத்தாலும் நான் கொடுக்க மாட்டேன், உன் ரத்தம் தெரியும் வரை. வெறும் வயிற்றில் போய்க் கொடு, காபிகூடக் குடிக்காதே. முடிவு எதுவானாலும் மே மாதம் கட்டாயம் வா. கல்யாணத்துக்கு இல்லையென்றால் தங்கச்சியைப் பார்க்க வா, அடுத்த வருஷம் என்று தள்ளிப்போடாதே.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கும்,
அம்மா
சகாயம்மாள்