கட்டைவிரலால் அழுத்திய பதினெட்டு இடங்கள்

குபாத்,

நேற்று பிஷ்கெக் ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பியதும் டாக்டர் என்ன சொன்னார் என்று நீங்கள் கேட்கவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்புகிறேன். ஆட்டிறைச்சி ஷோர்போ சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. மாடுகளைப் பார்த்துவிட்டு வந்ததும் சூடாக்கிக் குடியுங்கள்.

எத்தனை மாதமாக வலி, தூக்கம் எப்படி என்று டாக்டரம்மா முதலில் விசாரித்தார். மூட்டுகளைத் தடவிப் பார்த்து, வீக்கம் இல்லை என்றார். பிறகு கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று பதினெட்டு இடங்களில், தன் கட்டைவிரல் நகம் வெளுக்கும் வரை அழுத்தினார். பதினான்கு இடங்களில் உயிர் போய் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நெற்றியிலும் அதே மாதிரி அழுத்தினார்; அங்கே வலிக்கவில்லை.

"ரத்தத்துல எதுவும் காட்டல, நான் நடிக்கிறேன்னு வீட்டுல சொல்றாங்க" என்றேன்.

"இது ரத்தத்துல தெரியாதும்மா. ஃபைப்ரோமயால்ஜியான்னு பேரு, உடம்பு முழுக்கத் தசை வலிக்கிற நோய். உன் வலி நிஜம்தான்" என்றார்.

அங்கேயே அழுதுவிட்டேன்.

இன்று நாலு மணிக்கு உங்கள் அக்கா அனார்குல் வருகிறார். தேநீரோடு வைக்க போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்து மூடி வைத்திருக்கிறேன். நான் நடிக்கிறேன் என்று அவரிடம் சொன்னது நீங்கள்தான். டாக்டர் சொன்னதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். இன்னொரு முறை விளக்க எனக்குத் தெம்பில்லை.

ஜிபார்

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

இன்னொன்று. காலையில் என் தோளைத் தொட வந்து கையை இழுத்துக்கொண்டீர்கள். நான் விழித்துத்தான் இருந்தேன். மெல்லத் தொட்டால் எனக்கு வலிக்காது.