பதினான்காம் எண் கல்

ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தால் எந்த ஊரானாலும் என் கால் நின்றுவிடும். நேற்றுத் தரங்கம்பாடியில் நின்றது. கோட்டைக்குப் போகிற தெருவில் ஒரு பழைய வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கருங்கல் படிகளையும் தூண்களையும் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லின் மீதும் சுண்ணாம்பால் எண் எழுதிக்கொண்டிருந்தான். பிரஷ் பிடிக்கத் தெரியாத கை. இரண்டு வட்டத்தை ஒட்டவைத்து அதை எட்டு என்கிறான். பார்க்கச் சகிக்கவில்லை.

"எதுக்குப்பா நம்பரு?" என்று கேட்டேன்.

"பிரிச்சதைத் திரும்ப அதே எடத்துல வைக்கணும்ல சார். நம்பர் இல்லன்னா கல்லு எடம் மாறிடும்" என்றான்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. நாம் இருவரும் பார்க்க வேண்டும் என்று கிளம்பி, பாதி வழியில் திரும்பிய ஊருக்கு, இந்தக் கிழட்டு வயதில் தனியாக வந்திருக்கிறேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. நேரில் சொல்லியிருக்க வேண்டியது. சொல்லவில்லை.

நினைவிருக்கிறதா? கள்ளக்குறிச்சியில் நான் போர்டு எழுதுகிறவன். நீ கரண்டு ஆபீஸில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து அட்டையில் எழுதுகிறவன். என் கடைக்கு மீட்டர் பார்க்க வந்தவன், நான் எழுதிக்கொண்டிருந்த ஜவுளிக்கடைப் பலகையைப் பார்த்துவிட்டு, "எழுத்த வரையறியே, எழுத்த படிக்கத் தெரியுமா?" என்று கேட்டாய். எனக்கு வந்த கோபத்துக்கு பெயிண்டு டப்பாவைத் தூக்கி அடித்திருப்பேன். மறு ஞாயிறு உன் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து எலவனாசூர்கோட்டைக் கோயிலுக்கு வந்தேன். சுவர் முழுக்க எழுத்து. ஒன்றும் எனக்குப் புரியவில்லை, ஆனால் கை பரபரவென்றது. நான் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைந்தேன், நீ அதை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாய். படிக்கத் தெரியாத ஒருவனும் வரையத் தெரியாத ஒருவனும் சேர்ந்து நாலு வருஷம் ஊர் சுற்றினோம்.

கரியாலூர் மேட்டில் சாமைக் காட்டுக்கு நடுவில் நின்ற கல், கச்சிராயபாளையத்துக் கரும்புத் தோட்டங்களின் வரப்பில் சாய்ந்து கிடந்த கல் என்று ஒன்று விடவில்லை. வில்லும் கையுமாக ஒரு வீரன், பக்கத்தில் நாலு மாடு, மேலே மூன்று வரி எழுத்து. மாடு மீட்கப் போய்ச் செத்தவர்கள். நீ ஒவ்வொரு கல்லிடமும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவாய். நான் அவசரத்தில் செருப்போடு போனால், "யோவ் ஆர்ட்டிஸ்டு, செத்தவன் வூட்டுக்கு வந்துருக்கோம்யா" என்பாய்.

கல்லுக்கெல்லாம் எண் போட வேண்டும் என்றது நான். இரண்டாம் தடவை போனால் எந்தக் கல், எந்த நோட்டு என்று குழம்புகிறது என்றேன். நீ யோசித்து, "மொகத்துல எழுதாத. முதுகுல எழுது. பெயிண்டு வேணாம், கல்லுக்கு ஆவாது. சுண்ணாம்புல போடு" என்றாய். அந்த வருஷம்தான் காண்ட்ராக்டர் ஒருவரிடம் கூலிக்கு, சாலையோரப் புளிய மரங்களுக்கு நான் எண் எழுதிக்கொண்டிருந்தேன். மரத்துக்குப் போட்ட அதே சுண்ணாம்பு, அதே பிரஷ். எண்ணுக்குக் கீழே ஒரு கோடு இழுக்க வேண்டும் என்பது காண்ட்ராக்டர் சொன்ன முறை. பழக்க தோஷத்தில் கல்லுக்கும் கோடு இழுத்தேன். அந்தக் கோடு வேண்டாம் என்று நீயும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பதினான்காவது கல் உன் அம்மா பிறந்த ஊரில் இருந்தது. மலைக்குப் போகிற ரோட்டை ஒட்டி வேப்பமரம், அதன் கீழே முகத்தை வயலுக்கும் முதுகை ரோட்டுக்கும் காட்டி நின்ற கல். உன் மாமா வீட்டார்தான் ஆடி மாதம் அதற்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். அந்தக் கறியும் பொங்கலும் தேக்கு இலையில் கட்டி, பங்காளி வீடு, பெண் கொடுத்த வீடு எல்லாவற்றுக்கும் பங்கு போகும். கள்ளக்குறிச்சியில் இருந்த உன் வீட்டுக்கும் வரும். அதில் எனக்கும் ஒரு வாய் உண்டு.

அந்தப் புரட்டாசியில்தான் தரங்கம்பாடிக்குக் கிளம்பினோம். கடல் பாதி தின்ற கோயில் ஒன்று இருக்கிறதாம், அதன் எழுத்து போவதற்குள் வரைந்துவிட வேண்டும் என்று நீ லீவு எழுதிக் கொடுத்திருந்தாய். உளுந்தூர்பேட்டை தாண்டவில்லை, பஸ் நின்றுவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்திருந்தார்கள். நான் எண் போட்ட மரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. மறியல் செய்தவர்கள் உன் ஜனம். அவர்கள் கேட்டது நியாயம் என்று நீ சொன்னாய், நானும் மறுக்கவில்லை. நான் வேறு ஜனம் என்பதை அந்த நாள் வரை நாம் பேசியதே இல்லை. திரும்பி நடக்கும்போது நீ என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "பேரு கேட்டா நான் சொல்றேன். நீ பேசாத வா" என்றாய்.

ஒரு வாரம் கழிந்து ரோடு திறந்த பிறகு சேதி வந்தது. உன் அம்மா ஊரில் கல் போய்விட்டது. இருவரும் சைக்கிளில் ஓடினோம். வாய்க்கால் பள்ளத்தில் இரண்டு துண்டாகக் கிடந்தான் வீரன். மார்போடு பிளந்திருந்தது. வெளியூரிலிருந்து மறியலுக்கு வந்த பையன்கள் கடப்பாரையால் நெம்பி ரோட்டில் போட்டிருக்கிறார்கள். ரோட்டைத் திறக்க வந்த வண்டி பள்ளத்தில் தள்ளியிருக்கிறது. அந்தப் பையன்களை ஊரார் பிடித்து நிறுத்தியிருந்தார்கள்.

"சாமின்னு தெரியாதுங்க. மரத்துல இருக்கற மாதிரியே நம்பரு போட்டு கோடு இழுத்திருந்துச்சு. ரோட்டுக்காரன் கல்லுன்னு நெனச்சிக்கினோம்" என்றான் ஒருவன்.

உன் மாமா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "எவன்டா சாமி முதுகுல நம்பரு போட்டது?"

நான் உனக்குப் பின்னால் நின்றேன். என் நகக்கண்ணில் சுண்ணாம்பு இருந்தது. கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். அந்த வாரம் ஊர் இருந்த இருப்பில், வேறு ஜனத்தான் ஒருவன் நான்தான் என்று சொல்லியிருந்தால் உயிரோடு கள்ளக்குறிச்சி திரும்பியிருப்பானா தெரியாது. ஆனால் இதெல்லாம் பிறகு நான் சேர்த்துக்கொண்ட நியாயம். அப்போது எனக்குப் பயம், அவ்வளவுதான்.

"நான்தான் மாமா" என்றாய்.

அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "சூடம் அணைச்சி சொல்லு."

உடைந்த கல்லின் முன்னால் சூடம் ஏற்றினார்கள். நீ செருப்பைக் கழற்றினாய். உள்ளங்கையால் அதை அணைத்து, "நான்தான் போட்டேன்" என்றாய். சாமிக்குப் பயந்தவன் நீ. பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோல் கல்லுக்குக் கல் கும்பிடுகிறவன். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சைக்கிளில் திரும்பினோம். கோமுகி அணை தாண்டியதும் நீதான் சிரித்தாய். "கல்லு ரெண்டா போனா சிமெண்டு வெச்சி ஒட்டலாம் ஆர்ட்டிஸ்டு. உன் மண்ட ரெண்டா போனா எவன் ஒட்டுறது?" நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அடுத்த ஆடிக்கு உன் வீட்டுக்குத் தேக்கு இலை வரவில்லை. அதற்கடுத்த ஆடிக்கும் இல்லை. உன் மாமா வீட்டில் மீட்டர் பார்க்கப் போனால், முன்பு மோர் கொடுத்து உட்காரச் சொன்னவர்கள், அட்டையை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்களாம். இதையும் நீ சொல்லவில்லை, உன்னோடு வேலை பார்த்தவர் சொல்லித்தான் தெரியும். நோட்டுகளை என்னிடமே கொடுத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை சுற்றல் நின்றது.

முதல் வருஷம் நான் உண்மையாகவே கேட்டேன். "நான் போயி சொல்லிடட்டா?" "வேணாம் வுடு" என்றாய். ஒவ்வொரு ஆடியிலும் கேட்டேன், நீயும் அதையே சொன்னாய். போகப் போக, நீ வேண்டாம் என்று சொல்லுவாய் என்று தெரிந்தேதான் கேட்டேன். நீ சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருக்கும். டீக்குச் சொல்லுவேன். என் வாழ்க்கையில் வெட்கப்பட எத்தனையோ உண்டு, அந்த டீயை நினைத்தால்தான் கூசிப்போகிறேன்.

உன் சாவுக்கு உன் மாமன் மகன் வந்திருந்தார். கோடித்துணி போட்டார், அழுதார், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் கிளம்பினார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை மாசியிலிருந்து ஆடி வரை என்னைத் தூங்கவிடவில்லை. கிடா வெட்டுகிற ஞாயிறு பார்த்து டவுன் பஸ் ஏறிவிட்டேன்.

வேப்பமரத்தடியில் வீரன் நின்றான், மார்பின் குறுக்கே சிமெண்டுத் தழும்போடு. உன் மாமன் மகன் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரே மூச்சில் சொன்னேன். நம்பர் போட்டது நான். அவன் இல்லை.

"தெரியும்" என்றார்.

உள்ளே போய், பழுத்துப்போன ஒரு மீட்டர் அட்டையை எடுத்து வந்தார். "இது மச்சான் எழுத்து. மாசா மாசம் எங்க வூட்டுல எழுதிக்கினு போவுமே, எங்களுக்குத் தெரியாதா? நாலு பாருங்க, தல தொறந்துக்கினு இருக்கும். கல்லுல இருந்தது தல மூடுன நாலு. அந்த வாரமே எங்கப்பா அட்டைய எடுத்துக்கினு போயி கல்லாண்ட வெச்சி பாத்தாரு."

"அப்ப எதுக்கு அவனை ஒதுக்கி வெச்சீங்க?" கத்திவிட்டேன். யாரிடம் கோபப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நம்பரு போட்டதுக்கு இல்லீங்க. சாமி முன்னால பொய்யா சூடம் அணைச்சிதே, அதுக்கு. அந்தப் பொய்ச் சத்தியத்த எறக்கணும்னா யாருக்காவ அணைச்சிதோ அந்த ஆளு வந்து திரும்ப சூடம் ஏத்தணும். அதான் எங்க வழக்கம். எங்கப்பா சாவுற வரைக்கும் ஆடிக்கு ஆடி ரோட்டப் பாத்துக்கினே இருந்தாரு. அந்த ஆர்ட்டிஸ்டு வருவான், வந்துடுவான்னு."

உன் ஊர் வழக்கம். உனக்குத் தெரியாமல் இருக்குமா? நான் ஒரு நாள் பஸ் ஏறினால் தீர்ந்தது என்று தெரிந்தேதான், ஆடிக்கு ஆடி "வேணாம் வுடு" என்றாய். என் பயத்தை அளந்து வைத்திருந்தாய். பாவி, ஒரு தடவை திட்டியாவது அனுப்பியிருக்கக் கூடாதா?

செருப்பைக் கழற்றினேன். சூடம் ஏற்றினேன். மூன்று குச்சி வீணானது. அன்று சாயங்காலம் உன் மாமன் மகன் ஒரு தேக்கு இலைப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். "மச்சான் வூட்டுல குடுத்துடுங்க." கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சூடு வேட்டி வழியாகத் தொடையில் இறங்கியது. பக்கத்தில் இருந்தவர், "இன்னா பெரியவரே, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

உன் வீட்டம்மா இலையைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டார். "இது வரலன்னு ஒரு நாளு கூட சொன்னதில்லீங்க அவரு. ஆனா வருசா வருசம் இந்த ஞாயித்துக்கெழம மட்டும் கறி எடுக்க வேணாம்னுடுவாரு. வந்தா ஜாஸ்தியாப் பூடும்னு" என்றார். பிரித்து உன் படத்துக்கு முன்னால் வைத்தார். அங்கே உட்கார முடியாமல் வந்துவிட்டேன்.

நேற்று ஊரைச் சுற்றிப் பார்த்தேன். கோட்டை நன்றாக இருக்கிறது. தெருக்கோடியில் வெள்ளை வாசல், உள்ளே பழைய கல்லறைகள், அந்நிய எழுத்து. நீ இருந்தால் அங்கேயும் செருப்பைக் கழற்றியிருப்பாய். கடல் தின்றது போக மிச்சக் கோயிலைப் புதுசாகக் கட்டியிருக்கிறார்கள். பழைய கல் ஒன்றில் நாலைந்து எழுத்து தெரிந்தது. வரைந்து வைத்திருக்கிறேன். படிக்கத்தான் ஆள் இல்லை.

திரும்பும்போது அந்த ஆள் இன்னும் எண் எழுதிக்கொண்டிருந்தான். பதின்மூன்று முடிந்திருந்தது. "குடுப்பா இங்க" என்று பிரஷை வாங்கினேன். ஒன்று போட்டேன். நாலு போடும்போது கை வழக்கம்போலத் தலையை மூடத்தான் போனது. பிடித்து நிறுத்தி, உன்னைப் போலத் திறந்தே விட்டேன். கீழே கோடு போடவில்லை.